முன் சீட்டுப் பிள்ளை

அந்தப் பெட்டியைத் திறக்கக் கத்தரிக்கோல் தேடும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. சுற்றி ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அது அசையவில்லை என்றதும் பல்லால் இழுத்தேன். ஒன்பதாம் மாத வயிற்றோடு விறாந்தை நிலத்தில் உட்கார்ந்து இந்த அலங்கோலம் செய்தவளைப் பார்த்து என் கணவர், "டீச்சரம்மா, அது பொட்டி. பல்லு போச்சுன்னா அப்புறம் அழுவக்கூடாது" என்றார். கேலி செய்யும்போதும் கோபம் வரும்போதும் நான் அவருக்கு டீச்சரம்மா. மற்ற நேரம் வெறும் 'இங்க பாரு'.

உள்ளே இருந்தது ஒரு கார் சீட். கைக்குழந்தைகளுக்கானது. கனடாவில் இருந்த என் தமையன், தன் பிள்ளை வளர்ந்துவிட்டதென்று, இலங்கைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். நீலத் துணி, தோள்களுக்கு மேலால் வரும் இரண்டு பட்டிகள், கால்களுக்கு நடுவே ஒரு கொளுக்கி, தூக்கிக்கொண்டு போக வளைந்த கைபிடி. கூடவே ஒரு கடிதம். அங்கே இந்தச் சீட் இல்லாவிட்டால் பிறந்த பிள்ளையைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம். 'நீ படிப்பிக்கிற பாடம்தானே, நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை' என்று கடைசி வரியில் ஒரு குத்தும் வைத்திருந்தான். நான் விஞ்ஞான ஆசிரியை. பௌதிகவியல் என்றால் எனக்கு உயிர்.

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு சாமானை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, குழந்தையை இதில் வைத்துத்தான் குளிப்பாட்டுவதா என்று கேட்டார். நான் அவரைக் கதிரையில் இருத்தி, ஓடுகிற வாகனம் சட்டென்று நின்றால் உள்ளே இருக்கிற உடம்பு ஏன் நிற்காது என்று கால் மணித்தியாலம் படிப்பித்தேன். அவருடைய தேத்தண்ணீர் ஆறிப்போனது. இனி இந்த வீட்டுக்கு வருவதென்றால் நேரம் பார்த்துத்தான் வரவேண்டும் என்று அவர் நினைத்திருப்பார்.

காரும் எங்களுக்குப் புதிதுதான். யப்பானில் ஓடி, இங்கே ரிகண்டிஷன் என்று வந்த ஒரு வெள்ளைக் கார். அதைத் தெரிவு செய்து தந்தவர் அலவத்துகொடயில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. விபத்தில் அடிபட்ட வாகனங்களை வாங்கிக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பதும் அவருடைய தொழில். அன்று ஸ்டியரிங்கின் நடுவே தட்டிக் காட்டி, "டீச்சர், இதுல ரெண்டு பலூன் ஈக்குது. ஒண்டு இஞ்ச, ஒண்டு அந்தப் பக்கம் டாஷ்போர்ட்டுக்குள்ள. அடிபட்டா டப்பெண்டு ஊதி ஆளைப் புடிச்சிக்கும்" என்றார். எனக்கு அந்தக் காரில் அதற்குமேல் எதையும் பார்க்கத் தேவைப்படவில்லை. பலூன் உள்ள கார், பிள்ளைக்குக் கனடா சீட். உலகத்திலேயே கவனமான தாய் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்து, பிரசவ விடுமுறை முடிந்து, நான் திரும்பவும் பாடசாலைக்குப் போகவேண்டிய வாரம் வந்தது. என் பாடசாலை தெல்தெனியப் பக்கம். கணவரின் அக்காவும் அங்கேதான் இருந்தார். காலையில் பிள்ளையை மச்சாளிடம் விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவது, பின்னேரம் எடுத்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சீட்டைக் காரில் பூட்டினோம்.

எங்கே பூட்டுவது என்பதில் பேச்சே இருக்கவில்லை. முன்னுக்குத்தான். ஏன் என்று யுத்த காலத்தில் கண்டியில் இருந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். காரில் ஒரு பிள்ளை இருந்தால், அதுவும் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால், செக்பொயின்டில் சீக்கிரம் விடுவார்கள். தனியே போகிற தமிழ் ஆள் என்றால் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை இரண்டு தரம் வாசித்து, டிக்கியைத் திறக்கச் சொல்லி, காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்து, அரை மணித்தியாலம் போய்விடும். எங்கள் பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். கொழும்புக்குப் போகவேண்டி வந்தால் யாராவது ஒருவருடைய பிள்ளையை இரவல் கேட்பார். அந்தப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம், பலூன், பொம்மை எல்லாம் கிடைக்கும். நாங்கள் சிரிப்போம், ஆனால் பிள்ளையைக் கொடுப்போம். அதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை.

என் கணவருக்கு அது வழக்கம் மட்டுமல்ல, பயமும்கூட. அவர் கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கலவரத்தில் அந்தக் கடை எரிந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. பிறகு இருபதுகளில் ஒருமுறை, தனியாக பஸ்ஸில் வந்தவரைச் செக்பொயின்டில் இறக்கி மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவர் என்னிடம்கூடப் பேசியதில்லை. "புள்ள முன்னாடி இருந்தா நீயும் பத்திரம், அவளும் பத்திரம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சீட்டைப் பூட்டிய அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகம் வரும். கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும், முதுகு டாஷ்போர்ட் பக்கம். ஏனென்றால் கார் சட்டென்று நின்றால் குழந்தையின் கழுத்து தலையின் பாரத்தைத் தாங்காது. முதுகு முழுவதும் சீட்டில் அணைந்திருந்தால் அந்த அடி பரவிப் போகும். என்ன அழகான யோசனை. நான் ஒரு துவாயைச் சுருட்டி அடியில் வைத்துச் சரிவைச் சரி பார்த்தேன். பெல்ட்டை அதற்கென்று இருந்த வழியால் விட்டுக் கொளுவினேன். ஆனால் சீட் தளர்ந்து தளர்ந்து வந்தது. எவ்வளவு இழுத்தாலும் பெல்ட் திரும்ப நீண்டது.

"பெட்டிக்குள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு கிடந்ததே, ஏணி மாதிரி, அது எங்கையப்பா?" என்று கேட்டேன்.

கணவர் தலையைச் சொறிந்தார். அதை அவர் அறையின் திரைச்சீலைக் கயிற்றுக்குப் பூட்டியிருந்தார். மூன்று மாதமாக எங்கள் திரைச்சீலை கனடா இரும்பில் தொங்கியது. கழற்றி வந்து பெல்ட்டின் இரண்டு பட்டியையும் அதில் கோத்தேன். பெல்ட் இறுகிப் பிடித்தது. பிறகு சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி என் பாரம் முழுவதையும் கொடுத்து, மிச்சத் தளர்வையும் இழுத்தெடுத்தேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பெருவிரல் அகலம்கூட ஆடவில்லை. மகளை இருத்தி, பட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் போகும்படி இறுக்கினேன். அவள் என்னை ஏதோ பெரிய உத்தியோகத்தர் மாதிரிப் பார்த்தாள்.

கணவர் தன் பங்குக்குக் கதிர்காமக் கந்தனின் ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். தமிழருக்கும் தெய்வம், சிங்கள ஆமிக்காரருக்கும் தெய்வம். முன் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் ஒட்டினால் குனிந்து பார்க்கிறவர் கண்ணில் படும். அந்த இடத்தில் ஏற்கனவே யப்பான் எழுத்தில் ஏதோ ஒரு ஸ்டிக்கர் இருந்தது. யாருக்கு விளங்கும்? அதன் மேலேயே ஒட்டினார். கீழே பிள்ளை, மேலே முருகன். இனி எந்தச் செக்பொயின்டும் எங்களுக்குத் தூசு என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. தென்னக்கும்புரப் பாலத்தடியில் எங்கள் வழியின் பெரிய செக்பொயின்ட் இருந்தது. அங்கே காலையில் நின்ற ஆமிக்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முதல் நாள் துவக்கோடு குனிந்தவன், எனக்குப் பக்கத்தில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "பபா" என்று சிங்களத்தில் பாப்பாவைக் கூப்பிட்டான். அடையாள அட்டையை மேலால் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். இரண்டாம் கிழமை அட்டையே கேட்கவில்லை. ஐந்து மாதமும் அப்படியே போனது. மகளுக்கு முதல் பல் முளைத்தது அவனுக்குத் தெரியும். அந்தப் பாலத்தடிக்கு வரும்போது நான் காரை மெதுவாக்கி, அவளுடைய தொப்பியைக் கழற்றி, முகம் தெரிகிற மாதிரிச் சரி செய்வேன். கை தானாகவே அதைச் செய்யும்.

அந்தத் தவணையில் பதினோராம் ஆண்டுக்கு உந்தமும் கணத்தாக்கும் படிப்பிக்கவேண்டியிருந்தது. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிற உதாரணத்தையே எத்தனை வருடம்தான் சொல்வது? எனக்கு ஒரு யோசனை வந்தது. விரிந்துபோன ஒரு கார் பலூனைக் கொண்டுபோய் வகுப்பில் காட்டினால் என்ன? பிள்ளைகள் கதிரையை விட்டு எழும்பி வந்து பார்ப்பார்களே. அந்தச் சனிக்கிழமையே மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு அலவத்துகொடக்குக் காரை விட்டேன்.

"நானா, அடிபட்ட காரில இருந்து எடுத்த பலூன் ஒண்டு இருக்கா? பிள்ளையளுக்குக் காட்டவேணும்."

"வாங்கோ டீச்சர், உங்கட கார்ட தம்பி ஒண்டே வந்தீக்குது" என்று அவர் என்னைக் கராஜின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் காரேதான். அதே மாதிரி, அதே வெள்ளை. மூக்கு மட்டும் நசுங்கியிருந்தது. மதிலில் மோதியதாம், வேகமும் அவ்வளவாக இல்லையாம். ஓட்டியவருக்குக் கையில் சிராய்ப்புத்தான். ஸ்டியரிங்கிலிருந்து வெள்ளைத் துணிப் பை நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் தொங்கியது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன், மணந்து பார்த்தேன், எவ்வளவு நேரத்தில் ஊதும் என்று கேட்டேன்.

"கண்ண மூடித் தொறக்க முந்தி. இது காத்தடிச்சு ஊதுறது இல்ல டீச்சர். உள்ளுக்கு மருந்து ஈக்குது, அது வெடிச்சுத்தான் பையத் தள்ளும். பலூன் எண்டு சென்னது நாந்தான். ஆனா இது பலூன் இல்ல, வெடி. அந்தப் பக்கம் பாருங்களே."

முன் சீட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். டாஷ்போர்டின் மூடி பிளந்து மேலே எழும்பி, முன் கண்ணாடியில் அடித்து, அது சிலந்தி வலையாகச் சிதறியிருந்தது. அங்கே யாரும் இருக்கவில்லையாம். பிறந்தநாள் கேக் ஒன்றைப் பெட்டியோடு டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு வந்தார்களாம்.

"கேக் எங்க நானா?"

அவர் பின்பக்கக் கண்ணாடியைக் காட்டினார். மூன்று யார் தள்ளி, காரின் கடைசிக் கண்ணாடியில், றோஸ் நிற ஐசிங் காய்ந்து ஒட்டியிருந்தது.

முதலில் சிரித்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், சிரித்தேன். பிறகு என் கண் திரும்பவும் டாஷ்போர்டுக்குப் போனது. பிளந்த மூடி, அதற்கு நேரே முன் சீட். என் மகளின் சீட் அங்கே எப்படி இருக்கிறது? முதுகு டாஷ்போர்டை ஒட்டி. தலைக்கும் அந்த மூடிக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஒரு சாண். அவளை முன்னால் வைத்தபோது அந்தப் பை ஊதி அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன். பிடிக்காது. அது வெளியே வரும் வேகத்திலேயே, சீட்டின் முதுகை, அதற்குப் பின்னால் இருக்கிற அவள் தலையை அடிக்கும். கணக்குப் போட எனக்குக் கடதாசி தேவைப்படவில்லை. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்களே, அது நான்தான். அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டேன்.

நானாவிடம் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "யா அல்லாஹ். புள்ளைய முன்னுக்கா வெச்சீங்க? அதுக்குத்தானே மேல படம் போட்டு ஒட்டியீக்குது."

நான் என் காருக்கு ஓடினேன். வெயில் பலகையை இறக்கி முருகனை நகத்தால் உரித்தேன். வேல் போனது, மயில் போனது, முகமும் பாதி கிழிந்தது. அடியில் யப்பான் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னப் படம். பின்பக்கம் பார்த்த குழந்தைச் சீட், அதன் பின்னால் வெடித்த பை, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எழுத்து விளங்காதவர்களுக்கென்றே வரைந்த படம். ஐந்து மாதம் அது என் பிள்ளையின் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

"உந்தப் பையைக் கழட்டிவிட ஏலாதா நானா?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"பியூஸக் கழட்டினா உங்கட பக்கமும் வேல செய்யாது. இந்த மல ரோட்டுல உம்மாக்கு ஒண்டு ஆனா புள்ளக்கி யாரு? பின் சீட்டுக்கு மாத்துங்க டீச்சர். நடுவுல வையுங்க. அதுதான் சரி."

அடிபட்ட காரின் முன் சீட்டுப் பக்கப் பையை, மூடியோடும் மஞ்சள் வயர்களோடும் மருந்து இருந்த தகர உருளையோடும் கழற்றி, அவர் என் கையில் தந்தார். அதில் மருந்து எரிந்து முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று இரண்டு தரம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கார்க் கதவைத் திறந்தபடியே சீட்டைக் கழற்றத் தொடங்கினேன். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். விசயத்தைச் சொன்னேன். கேக்கையும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. ஆனாலும் சீட்டில் கை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு. அந்தப் பை ஆயுசுல ஒருக்கா வெடிக்குமோ வெடிக்காதோ. செக்பொயின்ட் டெய்லி ரெண்டு தடவ வருது. முன் சீட்டு காலியா, நீ தனியா, யாழ்ப்பாணம்னு போட்ட ஐடென்டிட்டி கார்டோட போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது."

"நான் மெதுவாத்தான் ஓடுறன் எண்டுதானே அந்தக் கேக் காரனும் நினைச்சிருப்பான்? அம்பிட்டிய இறக்கத்தில ஒருநாள் பிரேக் பிடிக்காட்டி? எனக்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும். பிள்ளை பின்னுக்குத்தான்."

"ஒனக்கு நடந்தா அவளுக்கு நடந்த மாதிரிதான், டீச்சரம்மா."

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. நான் சத்தம் போட்டேன். பௌதிகம் ஆமிக்காரனுக்கும் ஒன்றுதான், தமிழனுக்கும் ஒன்றுதான் என்று என்னென்னவோ கத்தினேன். கடைசியில் அவர் கையை எடுத்தார். சம்மதித்து அல்ல, களைத்து. பின் சீட்டின் நடுவே இடுப்புப் பட்டி மட்டும்தான் இருந்தது. அதைச் சீட்டின் வழியால் விட்டு, முழங்காலை ஊன்றி இறுக்கினேன். முன்னையதைவிட நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை நல்ல வெயில். மகளைப் பின்னால் இருத்தி, கண்ணில் வெயில் படாமல் சீட்டின் கைபிடிக்கு மேலால் ஒரு மெல்லிய சேலைத் துண்டைப் போட்டேன். நித்திரையாகிவிட்டாள். வகுப்பில் காட்டக் கொண்டுபோகிற அந்த வெடித்த பையை முன் சீட்டில் வைத்தேன். இறக்கத்தில் உருளை உருண்டது. காரை நிறுத்தி, அதற்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஒரு சாமான்கூடக் கட்டாமல் காரில் போகக்கூடாது என்பது இப்போது எனக்குப் பைத்தியமாகவே ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே பாலத்தடிக்கு வந்தேன்.

அவன்தான் நின்றான். எங்கள் பையன். வழக்கமான சிரிப்போடு குனிந்தவன், "பபா கோ?" என்று கேட்டான். பபா எங்கே என்று. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவன் கண் முன் சீட்டுக்குப் போனது. ஐந்து மாதமாகக் குழந்தை இருந்த இடத்தில், பெல்ட் போட்டு, பக்குவமாக, ஒரு தகர உருளை இருந்தது. அதிலிருந்து மஞ்சள் வயர்கள் தொங்கின.

அவன் பின்னுக்குப் பாய்ந்தான். துவக்கு என் பக்கம் திரும்பியது. பிறகு எல்லாம் சேர்ந்து நடந்தது. யாரோ விசில் ஊதினார்கள். என்னை வெளியே இறங்கச் சொன்னார்கள். கையை உயர்த்தி நடக்கச் சொன்னார்கள். மண்மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பின்னால் நின்ற பஸ்ஸைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். கார் வீதியின் நடுவே தனியே, கதவு திறந்தபடி நின்றது.

"உள்ளே பபா இருக்கிறாள்" என்று சிங்களத்தில் கத்தினேன்.

யாரும் நம்பவில்லை. பின் சீட்டில் தெரிந்தது துணி மூடிய ஏதோ ஒரு சாமான். அதுவும் அவர்களுக்கு இன்னொரு பயம். நான் காரை நோக்கி ஒரு அடி வைத்தேன், துவக்கு நெஞ்சுக்கு வந்தது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று அந்தத் துணியின் மேல் சுட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். அந்த நேரம் மகள் எழும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை அழுதாள். பாலத்தடி முழுவதும் கேட்டது. எல்லாத் துவக்கும் கொஞ்சம் தாழ்ந்தது.

மீசை வைத்த ஒரு சார்ஜன்ட் வந்தார். "மே மொகத்த?" என்று கேட்டார். இது என்ன என்று. என்னுடைய சிங்களம் சந்தையிலும் கந்தோர்ச் சுற்றறிக்கையிலும் படித்தது. காருக்குள் இருக்கிற சாமான், எல்லாப் புதுக் காரிலும் இருக்கிறது, இது ஏற்கனவே வெடித்துவிட்டது என்றேன். செக்பொயின்டில் சொல்லக்கூடாத ஒரே சொல்லைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் இன்னும் ஒரு அடி பின்னுக்குப் போய் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மகள் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வகுப்பில் செய்கிற மாதிரி இரண்டு தரம் கையைத் தட்டி, "சத்தம் போடாமல் கேளுங்கள்" என்று சிங்களத்தில் அதட்டினேன். கேட்டார்கள்.

ஸ்டியரிங்கின் நடுவே இந்தப் பைக்கு அடையாளமாக மூன்று ஆங்கில எழுத்து இருக்கிறது, டாஷ்போர்டின் இடப்பக்கத்திலும் அதே மூன்று எழுத்து, இந்த உடைந்த மூடியிலும் அதே மூன்று எழுத்து, போய்ப் பாருங்கள் என்று சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் தனியே போனார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டார், டாஷ்போர்டைத் தொட்டார், பிறகு முன் சீட்டில் இருந்த மூடியைத் தொட்டார். நிமிர்ந்து எனக்குக் கையைக் காட்டினார், வா என்று.

ஓடிப்போய் மகளைத் தூக்கினேன். நெஞ்சோடு அவளை அணைத்துக்கொண்டு, கேட்காமலே பாடத்தைத் தொடங்கிவிட்டேன். பயம் போன வேகத்தில் வாய் நிற்கவில்லை. கார் மோதினால் என்ன நடக்கும், கண் மூடித் திறப்பதற்கு முன் பை எப்படி வரும், பெரிய ஆளுக்கு அது ஏன் நல்லது, குழந்தைச் சீட்டின் முதுகு அங்கே இருந்தால் ஏன் கூடாது. மண்மூட்டையில் கையால் குத்திக் காட்டினேன். கேக் கதையையும் சொன்னேன். ஐந்தாறு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். பதினோராம் ஆண்டுக்கென்று வைத்திருந்த பாடம் பாலத்தடியில் நடந்தது.

அப்போதுதான் எங்கள் பையன் கேட்டான். சந்தேகப்பட்டு அல்ல, வகுப்பில் உண்மையாகவே விளங்காத பிள்ளை கேட்கிற மாதிரி. அவ்வளவு ஆபத்தென்றால், இத்தனை மாதமும் பபாவை ஏன் முன்னால் வைத்திருந்தீர்கள்?

எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவன் கேட்டது அதையல்ல.

"ஒயாலட்ட பேன்ன" என்றேன். உங்கள் கண்ணில் படத்தான்.

அவனுக்கு விளங்கியது. முகம் சிவந்து, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சார்ஜன்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, போகலாம் என்றார். மகளைத் திரும்பப் பின்னால் இருத்திப் பட்டியைக் கொளுவினேன். அவன் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் பின் கண்ணாடியடிக்கு வந்து நின்றான். அவள் விக்கிக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவன் அன்றைக்கு அவளைக் கூப்பிடவில்லை. போய்த் தடைக்கட்டையைத் தூக்கினான்.

பாலம் கடந்து ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினேன். பின் சீட்டில் ஏறி மகளின் பக்கத்தில் இருந்து அழுதேன். பையைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது, அதற்கு என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் அவளை முன்னுக்கு வைத்தது தெரியாமல் அல்ல. துவக்குக்கும் எங்களுக்கும் நடுவில் வைத்தேன். முழங்காலை ஊன்றி, பாரம் முழுவதையும் கொடுத்து, பெருவிரல் அகலம்கூட ஆடாமல் கட்டி, தொப்பியையும் கழற்றிவிட்டேன்.

அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும்கூட. அவருடைய பயம் சரியென்றுதான் அன்றைக்கு நடந்தது காட்டியது. அதை அவர் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. வெளியே போய்ப் பின் கதவைத் திறந்து, மகளின் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு தன் முழங்காலை ஊன்றி இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

அந்தப் பையன் அடுத்த கிழமையே வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டான். புதிதாக வந்தவர்களுக்கு நான் தனியே கார் ஓட்டி வருகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அட்டையைப் பார்த்து, டிக்கியைத் திறந்து, காருக்கடியில் கண்ணாடி விட்டு, துணியை விலக்கிப் பார்த்து அனுப்ப, சில நாள் கால் மணித்தியாலம், சில நாள் அதற்கு மேலும் போனது. நான் அரை மணித்தியாலம் முந்திப் புறப்படத் தொடங்கினேன்.